பின்னால ஒண்ணுமில்ல

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
இதற்கு முன் வாகனம் ஓட்டிய அனுபவம்.
'இல்லைன்னு எழுதுங்க அர்த்தநாரி.
லைசென்ஸ் இல்லாம ஓட்டுனதெல்லாம்
ஓட்டுனதுல சேராது' என்றார்
பயிற்சிப் பள்ளி செங்கோட்டுவேலு.
எழுதினேன்.

கொளந்தசாமி அண்ணன் குறட்டை விட
நாக்பூர் தாண்டி, சியோனிக் காட்டு ரோட்டில்
ரிக்குக்குப் பின்னால் பைப் வண்டியை
நானே உருட்டிய நாலு வருசம்.
கிளீனர் சம்பளம், டிரைவர் முழிப்பு.
மூன்றெழுத்துக்குள் அடங்கிவிட்டது.

நேராக ஹெவி கிடைக்காதாம்.
'மொதல்ல காரு. அது ஒரு வருசம் பழுக்கோணும்.
அப்பறந்தான் லாரிக்கு எல்எல்ஆர்,
அது ஒரு முப்பது நாளு,
அப்பறம் டெஸ்ட்டு, அப்பறம் பேட்ஜு.'
தேங்காய் எண்ணிப் போடுகிற மாதிரி
போட்டுக்கொண்டே போனார்.

கண் டாக்டர் தன் முதுகுக்குப் பின்னிருந்த
காலண்டரைப் படிக்கச் சொன்னார்.
ஆழ்துளைக் கிணறு அமைக்க அணுகவும்:
எங்கள் முதலாளி கம்பெனிக் காலண்டர்.
கண்ணை மூடியும் படிப்பேன்.
'பார்வை நல்லாருக்குது' என்று
கையெழுத்துப் போட்டார்.

டெஸ்ட் நாள்.
கிரவுண்டுக்கு மேலே மலை,
கீழே ஒரு வெள்ளைக் கார்.
கிளட்ச் என் காலடியில்
வெண்ணெயாய் அமுங்கிப் போனது.
இரண்டு முறை அணைந்தது வண்டி.
வரிசையில் ஒரு பெண் சிரித்தாள்.
வளைவு வந்தது.
இடப்பக்கம் ஒடிக்க வேண்டியதற்கு
வலப்பக்கம் முழுக்க ஒதுங்கி
அகலமாய், மெதுவாய், ஒரு கல்யாணத்துக்கு
வழி விடுகிறவனைப் போலத் திரும்பினேன்.
'யாருக்குய்யா எடம் விடறே?'
என்றார் பக்கத்திலிருந்த இன்ஸ்பெக்டர்.

இருபதடி பைப்புக்குங்க சார்.
பதினெட்டு டன்னுக்குங்க சார்.
பின் சக்கரம் டீக்கடைக்காரன் கூரையை
இழுத்துக்கொண்டு போகாமலிருக்கங்க சார்.

சொல்ல முடியுமா?
'தெரியாமப் பண்ணிட்டனுங்க.'

பெயில்.

ஏழு நாளும் சாயங்காலம்
ஸ்பின்னிங் மில் பக்கத்துப் பொட்டலில்
செங்கோட்டுவேலு காதோரமாய் ஓதினார்.
ஒவ்வொரு திருப்பத்துக்கும்:
'பின்னால ஒண்ணுமில்லீங்க.
பின்னால ஒண்ணுமே இல்ல.'
அன்றைக்குச் சிரித்தவள்
பின் சீட்டில் தன் முறைக்குக் காத்திருந்தாள்.
கமலவேணி. ஸ்கூல் வேன் ஓட்டப் போகிறவள்.
'ஒண்ணுமில்லைங்கறீங்க,
எனக்குப் பின்னால மூணு பெயிலு
வரிசையா ஏறி உக்காந்திருக்குது' என்றாள்.
அடுத்த வளைவை நான்
காராகவே திரும்பினேன்.

பாஸானோம் இரண்டு பேரும்.
தபாலில் அட்டை வந்தது.
போட்டோவில் என் முகம்
ஹைபீம் அடித்த முகம்.

ரிக்கு நான் இல்லாமல் கிளம்பிப் போனது.
கேஸ் வராமல் ஓட்டுகிறவன்தான் வேண்டுமாம்
முதலாளிக்கு இனிமேல்.
அண்ணன் ஜபல்பூரிலிருந்து கூப்பிடுகிறார்:
'முதுகு புடிச்சுக்கிச்சுடா,
உன்ற அட்டை பழுத்துதா?'
பகலில் ஜவுளி பேல் ஏற்றிய குட்டியானையை
ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் ஓட்டுகிறேன்.
சொந்த வண்டி நம்பர்தான். வெள்ளைப் பலகை.
கடைக்காரர் வீட்டுச் சாமான் என்று
கேட்டால் சொல்லச் சொல்லியிருக்கிறார்.
இன்னொரு இல்லை.

ராத்திரி சங்ககிரி ரோட்டில்
லோடு லாரி ஒன்று மேடேறக் கியர் இறக்கும்.
சத்தத்தில் தெரியும், ஒரு நொடி பிந்திவிட்டான்.
போர்வைக்குள் என் இடது கால்
தானாக அமுக்கும்.

வருசம் பழுத்தது.
ஹெவிக்கு விண்ணப்பம்.
அதே கட்டம்.
கார் ஒரு வருடம், என்று தொடங்கி
ஓரத்துக்கு வந்ததும்
என் பேனா
கொஞ்சம் அகலமாகத்தான்
திரும்பியது.